தாரை வார்த்த லீவு

முகாமில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. சின்னப் பையன்களுக்கெல்லாம் அவர் லீவு அண்ணன். அதிகாரிகளும் அவர் பக்கத்தில் இல்லாதபோது அப்படித்தான் சொல்வார்கள். பட்டாளத்தில் வண்டிப் பிரிவுக்கு அவர் சார்ஜென்ட். லாரியும் ஜீப்பும் ஆம்புலன்சும் அவர் பொறுப்பு. அவற்றை ஓட்டுகிறவர்கள் யார் எப்போது வீட்டுக்குப் போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று முறை போட்டு, அதிகாரியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோவதும் அவர் வேலைதான். "சிப்பாய்க்கு சோறு ஒரு வேளை லேட்டானாகூடப் பொறுத்துக்குவான். லீவு ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னா மனுஷனா இருக்க மாட்டான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

லீவு விதிகளை அவர் கரைத்துக் குடித்திருந்தார். மாதாமாதம் சேருகிற சம்பள லீவு ஒன்று. அதைச் சேர்த்து வைக்க ஒரு வரம்பு உண்டு, வரம்பைத் தாண்டினால் வருடக் கடைசியில் காற்றோடு போய்விடும். பெற்றவர்களுக்கோ பெண்டாட்டி பிள்ளைக்கோ ஏதாவது என்றால் அவசர லீவு. மனைவிக்குப் பிரசவம் என்றால் அதற்கென்று தனி லீவு. இத்தனையையும் வாரி வழங்கிவிட்டு, பணிக்குத் தேவைப்பட்டால் எதுவும் கிடையாது என்று கடைசியில் ஒரு வரி போட்டிருப்பார்கள். முகாம் உஷார் நிலையில் இருக்கும்போது ஒரு பிரிவிலிருந்து ஒரு சமயத்தில் ஒருவர்தான் வெளியே போகலாம், சாவுக்கு மட்டும் விலக்கு. அந்த ஒருவர் யார் என்பதில்தான் அடிதடி. டிரைவர் ஒருவனுக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை மாமனார் செத்தார். மூன்றாவது முறை லீவு அண்ணன் அவன் தோளில் கையைப் போட்டு, "இத்தோட மாமனாரை விட்டுடு தம்பி, அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அப்படிப்பட்ட தங்கமான மனிதர், முகாமில்.

இப்போது அவர் வீட்டில் இருந்தார். பட்டாள வாழ்க்கை முடியப்போகிறது. ஓய்வு கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், சேர்த்து வைத்த லீவை முழுச் சம்பளத்தோடு வீட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. அவர் கணக்கில் வரம்பு முட்ட லீவு கிடந்தது. இரண்டாம் மாடியில் சின்னக் குடியிருப்பு, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத சமையலறை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மனைவி சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். தைத்து வருகிற காலரையும் கையையும் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, ஒரு தையல் பிசகியிருந்தாலும் தூக்கித் திருப்பி அனுப்புகிற வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிப் போன சட்டை கிடையாது என்று அங்கே பேச்சு.

அவளுக்கு இப்போது ஒரே பூரிப்பு. வேலை முடிந்து படியேறி வரும்போதே வீட்டில் ஆள் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. "பார்த்தீங்களா, அந்த மீசைக்காரன் குடுக்காம அமுக்கி வெச்சிருந்த லீவு எல்லாம் இப்ப மொத்தமா நம்ம கைக்கு வந்துடுச்சு. இனிமே அவன் என்ன பண்ணுவான்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்பாள். அவரும் தலையை ஆட்டுவார்.

மீசைக்காரர் என்பது முகாமில் முன்பு இருந்த அதிகாரி. அவள் அந்த மனிதரை நேரில் பார்த்ததுகூட இல்லை, ஏதோ ஒரு குரூப் போட்டோவில் மீசையை மட்டும் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் திட்டு மீசைக்காரனுக்குத்தான், கரண்ட் போனாலும் அவனுக்குத்தான். "அவன் வீட்டுலயும் ஒரு நாள் இப்படி நடக்கட்டும், அப்ப தெரியும்" என்பாள். ஒன்பது வருடமாக இந்த அர்ச்சனை நடக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு இரண்டாவது பிரசவம். பிரசவ லீவுக்கு முறை வந்தாயிற்று, புறப்பட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், கடைசி நேரத்தில் போன் செய்து, "மீசைக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார், நான் என்ன பண்றது" என்றார். பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் இறந்து போனது. அவசர லீவில் அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மீசைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பதுதான் உண்மை. போட்ட கையெழுத்தை அடிக்கச் சொன்னவர் நம்ம லீவு அண்ணன். அதே வாரத்தில் ஒட்டடை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு டிரைவரின் மனைவிக்கும் பிரசவம். ஒல்லியாக, தலை கூரையில் இடிக்கிற உயரத்தில் இருப்பான், அதனால் அந்தப் பெயர். தலைப்பிரசவம், ரத்தக் கொதிப்பு வேறு ஏறியிருக்கிறது என்று தகவல் வந்ததும் பெட்ரோல் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். உஷார் நிலை. போக ஒருவருக்குத்தான் இடம். லீவு அண்ணன் நேரே அதிகாரி அறைக்குப் போனார். "என் பேரை அடிச்சுட்டு அவன் பேரைப் போடுங்க சார். எங்க வீட்டுல பார்த்துக்க ஆள் இருக்கு" என்றார். மீசைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா என்று. யோசித்துத்தான் சொல்கிறேன் என்றார். முகாமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

சொந்த மனைவியின் பிரசவ லீவைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு வீட்டில் பொய் சொன்ன மனிதர், அந்தக் குழந்தை போன பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வார்? முகாமுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெகு தூரம். அங்கே உள்ளவன் எவனும் இங்கே வந்ததில்லை. அந்தத் தூரத்தை நம்பித்தான் அவர் இத்தனை வருடம் காலம் தள்ளினார். இனிமேல் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு அறைக்குள் இவளோடுதான். இவளுக்குத் தெரிந்துவிட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒழுகுகிற குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடத்தில் அவருடைய போன் அடித்தது. "எடுக்காதே, நான் வரேன்" என்று அவர் சொல்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"ஆமாங்க, அவர் வீடுதான். நீங்க யாரு? ஓ, கேம்ப்ல கூட இருந்தவரா? அடடே! குடும்பத்தோடவா? பஸ் ஸ்டாண்டுலயா இருக்கீங்க? அங்கயே இருங்க, அவரை அனுப்பறேன். ஓட்டல்ல எல்லாம் சாப்பிடக் கூடாது, சொல்லிட்டேன், இங்கதான் சாப்பாடு."

போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். முகம் விளக்குப் போட்டாற்போல இருந்தது. "ஏங்க, உங்க ஆளு ஒருத்தர் வந்திருக்கார். ஒட்டடைன்னு சொன்னா தெரியும்னார். என்னங்க பேரு அது? பொண்டாட்டி, பொண்ணு எல்லாம் கூட வந்திருக்காங்களாம். கேம்ப்ல இருந்து ஒருத்தர்கூட நம்ம வீட்டு வாசப்படி மிதிச்சதில்லைன்னு எனக்கு எவ்வளவு நாள் ஆதங்கம் தெரியுமா?"

ஸ்பேனர் கை நழுவி நெற்றியில் விழுந்தது. "வலிக்குதா?" என்று அவள் ஓடி வந்தாள். "இல்ல, இல்ல" என்று எழுந்து, ஈரச் சட்டையை மாற்றாமலே கிளம்பினார். வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஒரே கணக்கு. அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எதைச் சொல்வது? "டேய், உனக்குக் குடுத்த லீவு என் பொண்டாட்டிக்குத் தெரியாம குடுத்தது, அந்தக் குழந்தை செத்துப் போச்சு" என்றா? குழந்தை போன விஷயமே அவனுக்கு முழுசாகத் தெரியாது. அவன் லீவு முடிந்து திரும்பியதும் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். லீவு அண்ணனும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. பிரசவத்தில் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது என்று பூசி மெழுகி நிறுத்திக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டடை தூரத்திலேயே தெரிந்தான். உடம்பு போட்டிருந்தான், ஆனாலும் கூட்டத்துக்கு மேலே தலை நின்றது. "அண்ணே!" என்று கத்திக்கொண்டு வந்து கட்டிப் பிடித்தான். பக்கத்தில் மனைவி, வாய் நிறையச் சிரிப்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கவுனில் ஒரு பெண் குழந்தை.

"இவதான் அண்ணே! உங்களால நான் பக்கத்துல இருந்து பார்த்த பொண்ணு! ரொம்ப நாளா கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன். நீங்க கடைசி லீவுல வீட்டுல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், கிளம்பிட்டோம்."

அவர் குழந்தையைப் பார்த்தார். உயரம், பல் விழுந்த இடம், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. தன் பெண் இருந்தால் இந்த உயரம்தான் இருந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. சட்டென்று ஒட்டடையின் கையைப் பிடித்துப் பழக்கடை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த லீவு விஷயத்தை வீட்டுல பேசாதே. வாயே தொறக்காதே. புரியுதா?"

"ஏண்ணே?"

"ஏன் எதுக்குன்னு கேக்காதே. பேசாதேன்னா பேசாதே. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிடு."

ஒட்டடை அவரை ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அண்ணே, நீங்க மாறவே இல்லண்ணே. செஞ்சதைச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு இன்னும் அப்படியே இருக்கீங்க" என்றான். அந்த மடையனுக்கு அப்படித்தான் புரிந்தது. அதற்கு மேல் விளக்க அவருக்குத் தைரியமும் இல்லை, நேரமும் இல்லை. குழந்தை வந்து, "தண்ணி வேணும்ப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒட்டடை தன் மனைவியின் காதில் ஏதோ சொல்வதை அவர் பார்த்தார். அவளும் திரும்பி அவரை மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வீட்டில் ராஜ உபசாரம். அவள் படிவரைக்கும் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "எத்தனாவது படிக்கறே? அம்மா மாதிரியா, அப்பா மாதிரியா? உயரத்துல மட்டும் அப்பா மாதிரி ஆயிடாதே, அப்புறம் கதவு இடிக்கும்" என்று ஒட்டடையைப் பார்த்து அவள் கேலி செய்ய, அவன் வெட்கத்தோடு குனிந்து உள்ளே வந்தான். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒட்டடையின் மனைவி, "நான் சும்மா உக்கார மாட்டேன் அக்கா, ஏதாவது நறுக்கிக் குடுக்கறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். இருவர் நிற்கிற இடம்தான் அது. மூன்றாவதாக நுழைய அவருக்கு வழியில்லை.

"ஏதாவது வேணுமா?" என்று வாசலில் போய் நின்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். அங்க போய் உங்க ஆளோட பேசுங்க. இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கார்" என்று மனைவி விரட்டினாள்.

ஒட்டடை புது லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பவர் ஸ்டியரிங், ஏசி, ஒரு விரலால் திருப்பலாம். இந்தப் பாவிக்கு மெதுவாகப் பேசவே வராது. அவன் குரலுக்கு நடுவே உள்ளேயிருந்து வருகிற பேச்சைப் பிடிக்க அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்படியா?" என்றும் "சரி சரி" என்றும் இடம் தெரியாமல் சொன்னார். கத்தி கட்டையில் விழுகிற சத்தம் டக் டக்கென்று வந்துகொண்டிருந்தது. பெண்கள் சிரித்தார்கள். மகளின் படிப்பைப் பற்றி ஏதோ. பிறகு ஒட்டடையின் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"...சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் அக்கா. ஆனா என் மனசு கேக்கலை. நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய மனசு..."

"அண்ணே, நீங்க கவனிக்கவே இல்ல" என்றான் ஒட்டடை. "கியர் பாக்ஸ் பத்திச் சொன்னேன்."

"சொல்லு, சொல்லு."

"...உங்களுக்கும் அப்ப மாசம்தானாமே. அப்படி இருந்தும் அவர் லீவை எடுத்து இவருக்குக் குடுத்து... நீங்க சம்மதிக்காம அவர் குடுத்திருப்பாரா?..."

கத்தியின் சத்தம் நின்றது.

ஒட்டடை பேசிக்கொண்டே இருந்தான். அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். பிறகு மெல்ல, ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று கத்தி மறுபடி விழ ஆரம்பித்தது. அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பல வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதருக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாப்பாடு பரிமாறும்போது அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தார். குழந்தைக்கு அள்ளி வைத்தாள், ஒட்டடைக்கு வேண்டாம் வேண்டாம் என்னும் அளவுக்கு வைத்தாள், அவருக்கும் வைத்தாள். எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, கரண்டியோடு நின்றபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் தம்பி, அப்ப உங்க கேம்ப்ல மீசைக்காரர்னு ஒருத்தர் இருந்தாராமே. ஆளு எப்படி? லீவுக்குக் கையெழுத்தே போட மாட்டாராமே?"

"யாரு, அவரா?" ஒட்டடை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "தங்கமான மனுஷன் அண்ணி! லீவுன்னு போய் நின்னா முதல்ல பேனாவைத்தான் தேடுவார். அதுவும் பிரசவம்னா கேக்கவே வேணாம். அன்னைக்கு அண்ணன் பேரை அடிக்கறதுக்கே அவருக்கு மனசு வரலை. இவர்தான் பிடிவாதமா..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "மன்னிச்சுக்கண்ணே. வாய் தவறி வந்துடுச்சு."

"பரவாயில்ல, சொல்லுங்க தம்பி. அவர் எப்பவுமே அப்படித்தான், தன்னைப் பத்தி எதுவுமே சொல்லிக்க மாட்டார்" என்றாள் அவள். 

அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்று மென்று தண்ணீரோடு விழுங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் குழந்தை கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது. கவுனின் கீழ்மடிப்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. "இங்க வா" என்று அவள் கூப்பிட்டாள். ஊசியும் மஞ்சள் நூலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் முன்னால் நிறுத்தினாள். "அய்யோ, எதுக்கு அக்கா, வீட்டுக்குப் போய் நான் தைச்சுக்கறேன்" என்று ஒட்டடையின் மனைவி பதறினாள்.

"இருக்கட்டும். பிரிஞ்சு தொங்கறதைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது" என்றாள். "ஆடாம நில்லு கண்ணு. எப்ப பொறந்தே நீ?"

குழந்தை தேதியைச் சொன்னது. அவள் ஊசியைக் குத்தி இழுத்தாள். நிதானமாக, நெருக்கமாக, மடிப்பு முழுவதையும் சுற்றித் தைத்தாள், பிரியாத பக்கத்தையும் சேர்த்து. குழந்தை அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றது. சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த லீவு அண்ணனுக்கு, அவள் கத்தி அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, குழந்தையின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, "போ, விளையாடு" என்றாள். அவ்வளவுதான்.

மாலை பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்தார். ஒட்டடை ஜன்னலிலிருந்து, "அண்ணி தெய்வம்ணே" என்று கத்தினான். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கதவு திறந்திருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் மேஜையில் கிடந்தன.

"உக்காரு" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'நீங்க' என்பதைத் தவிர வேறெப்படியும் அழைத்திராதவள். அவர் உட்கார்ந்தார்.

"உஷார் நிலை" என்று அவர் ஆரம்பித்தார். "ரூல்ஸ்படி ஒருத்தர்தான் போக முடியும். அவனுக்குத் தலைப்பிரசவம், பொண்டாட்டிக்கு பி.பி. ஏறிப்போயிருந்துச்சு. அவன் அழுதான். உனக்கு ரெண்டாவதுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு..."

"ரூல்ஸை என்கிட்ட சொல்லாதே. ரூல்ஸ் எனக்குத்தான் குடுத்துச்சு. உன் முறை, உன் பேரு, கையெழுத்தும் ஆயாச்சு. அதை எடுத்து ஊருக்குக் குடுத்தது நீ. என்னமோ சொந்தச் சொத்து மாதிரி."

"அவன் என் கண்ணெதிர்ல உக்காந்து அழுதான். அதுக்கு முந்தின நாள்தான் நீ போன்ல தைரியமா பேசினே. 'நான் பார்த்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க'ன்னு சொன்னே."

"நீ அங்க கவலைப்படக் கூடாதேன்னு தைரியமா பேசினேன்" என்றாள் அவள். "அதனால எனக்கு ஆள் வேணாம்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டே. போனை வெச்சுட்டு நான் எவ்வளவு நேரம் அழுதேன்னு உனக்குத் தெரியுமா? அன்னைக்கு அழுதிருந்தா வந்திருப்பே இல்ல? அவன் அழுதான், அவனுக்குக் கெடைச்சுது."

அது நூற்றுக்கு நூறு உண்மை.

"அப்புறம் ஒன்பது வருஷம். முகம் தெரியாத ஒரு மனுஷனை நான் வாயில வராததெல்லாம் சொல்லித் திட்டறேன். அவன் குடும்பம் நாசமாப் போகட்டும்னு சொல்லியிருக்கேன். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தே நீ."

"உன்கிட்ட கேட்டுட்டுக் குடுத்திருக்கணும். அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு வந்து 'பெரிய மனசு பெரிய மனசு'ன்னு சொல்றா. எனக்கு அப்படி ஒரு மனசும் இல்ல. யார் அழுதா எனக்கென்ன, நீங்க கிளம்பி வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கலை."

"ஆமா" என்றார் அவர். ஒன்பது வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு வழியாகக் கிளம்பிப் போனது.

"நான் வந்திருந்தாலும் குழந்தை..." என்று அவர் மெதுவாக இழுத்தார்.

"அதை மட்டும் சொல்லாதே!" என்று கத்தினாள். அன்று முழுவதும் அவள் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "பொழைச்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். பொறந்ததுமே டாக்டர் சொல்லிட்டார், இதயத்துல கோளாறு, யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. உன்னால செத்துச்சுன்னு நான் சொல்லலை. ஆனா அவ ரெண்டு நாள் உயிரோட இருந்தா. முழிச்சுப் பார்த்தா. என் விரலைப் புடிச்சுக்கிட்டா. அவ மொத்த ஆயுசே அவ்வளவுதான். அதுல அவ அப்பா இருக்க வேண்டிய நேரத்தைத்தான் நீ எடுத்துக் குடுத்துட்டே. அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. அவளோடது."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அழுகை வந்தது. யார் அழுதாலும் இளகிவிடுகிற அவருக்கு, தன் அழுகை இந்த அறையில் செல்லாது என்பது தெரிந்தேயிருந்தது.

அவள் எழுந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில பேர் வைக்கலையான்னு கேட்டாங்க. அவங்க அப்பா வரட்டும்னு சொன்னேன். அப்புறம் நீ வந்து சேர்ற வரைக்கும் அவ தாங்க மாட்டான்னு தெரிஞ்சதும் நானே வெச்சுட்டேன். அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன், கடைசி வரைக்கும்."

அவர் தலையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் அவருக்கு அது தெரியாது. குழந்தை பேரில்லாமல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார். அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றுகூட ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்ன பேரு?" என்று கேட்டார்.

அவள் தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பேரு வெச்சே? சொல்லும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"அது உனக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவள் பாத்திரம் கழுவப் போனாள்.